இருபது தாவல்

இருபத்தெட்டு வருடம். வருடத்துக்கு இருநூற்றைம்பது நாள். நாளொன்றுக்குச் சராசரியாக ஆயிரத்து இருநூறு மீட்டர். கோட்டக்காவின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து இதைப் பெருக்கிப் பார்த்தார். எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் வந்தது.

"இவ்வளவு தூரத்தையும் குனிஞ்சே போயிருக்கே. எங்கிட்ட சொல்லியிருந்தா பஸ்ல ஏத்திட்டுப் போயிருப்பேனே," என்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மனைவி போட்ட கோட்டை ஒருநாளும் தாண்டியதில்லை என்று டிப்போவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். டிப்போவில் அதற்குச் சிரிப்பவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கோட்டக்காவுக்குச் சம்பளச் சீட்டில் வேறு பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். நகராட்சியின் சாலைக்கோடு பிரிவில் சேர்ந்தபோது வயது இருபத்தாறு. முதல் வேலை, கோடு போடும் வண்டிக்குப் பின்னால் நடந்து, ஈரமான பெயிண்டின்மேல் கண்ணாடித் துகள் தூவுவது. இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் கோடு மினுங்குகிறதே, அது அந்தத் துகளால்தான். பிறகு தூரிகை கைக்கு வந்தது. பிறகு அம்புக்குறி, பாதசாரிக் கோடு, 'மெதுவாகச் செல்லவும்'. இப்போது வயது ஐம்பத்து நான்கு, வலது முழங்கால் மட்டும் எழுபதைத் தொட்டுவிட்டது.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இங்க ஒரு இடைவெளி இருக்கணும்மா. காணோம்."

"நான் எல்லா இடத்துலயும் அளந்து விட்டேனே டாக்டர்," என்றார் கோட்டக்கா.

மருத்துவர் சிரிக்கவில்லை. மண்டியிடக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, சூடான ரோட்டில் நாள் முழுக்க நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இன்னும் ஆறு மாதம் இதே வேலை செய்தால் மூட்டை மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்பதை எழுதவில்லை, வாயால் சொன்னார்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் மேற்பார்வையாளரிடம் போனார். நகராட்சியில் சிறுபணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. பூங்கா பெஞ்சு, பஸ் நிறுத்தக் கம்பம், வீட்டு எண் பலகை, பள்ளிக்கூட முற்றம். முக்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. அதில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மூடுகிறார்கள்.

மேற்பார்வையாளர் நல்ல மனுஷர்தான், படிவத்துக்கு மட்டும் பயப்படுவார். "ஒரு பள்ளிக்கூட வேலை இருக்கு அக்கா. முற்றத்துல பிள்ளைங்களுக்குக் கணக்கு விளையாட்டு வரையணுமாம். சிறுபணியிலதான் வருது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள முடிச்சு, டீச்சர் கையெழுத்தும், பிள்ளைங்க அதுல விளையாடுற போட்டோவும் ஏத்திட்டா, சிறுபணி அனுபவம்னு காட்டி உங்க பேரைச் சேர்த்துடுவேன்."

"முடியலன்னா?"

"திங்கட்கிழமை வட்டச் சாலை. பதினாலு கிலோமீட்டர்."

முழங்காலுக்குத் தெரியாமல் கோட்டக்கா தலையை ஆட்டினார்.

*

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் அவருக்காகக் காத்திருந்தவர் கணக்கு டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வகுப்புக்கு ஒரே தொண்டை, அதுவும் பாதி போய்விட்டது. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்த மூன்று படங்களை நீட்டினார்.

"உக்கார வெச்சுக் கணக்குச் சொன்னா தூங்குதுங்க அக்கா. ஓட விட்டா போடுதுங்க. அதான்."

முதல் படம் நூறு கட்டம். டீச்சர் 'முப்பத்தேழு' என்று கத்தினால் பிள்ளைகள் ஓடிப்போய் முப்பத்தேழில் நிற்க வேண்டும். 'பத்து கூட்டு' என்றால் எண்ணிக்கொண்டு போகாமல் நேரே ஒரு கட்டம் கீழே குதிக்க வேண்டும். இரண்டாவது படம் கடிகாரம். அதற்கு முள் கிடையாது. உயரமான பிள்ளை பெரிய முள், குட்டையான பிள்ளை சின்ன முள், நடுவில் தலையை வைத்துப் படுத்து மணி காட்ட வேண்டும். மூன்றாவது, பூஜ்யத்திலிருந்து இருபது வரை ஒரு நீளமான எண் பாதை. அதில் தாவித் தாவிக் கூட்டல், பின்னால் தாவிக் கழித்தல்.

"இந்த மூணாவதுதான் எனக்கு முக்கியம்," என்றார் டீச்சர். மணி அடித்தது. மற்றதைச் சொல்லாமல் ஓடிவிட்டார். பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் முழுசாகச் சொல்லி முடிப்பதில்லை என்பதைக் கோட்டக்கா அன்றே கண்டுகொண்டார்.

முற்றத்தைக் கூட்டி, கழுவி, காயவிட்டு, நூல் பிடித்து அளந்ததில் செவ்வாய் போனது. புதன்கிழமை நூறு கட்டமும் கடிகாரமும். பெயிண்ட் பிள்ளைகளுக்கு ஆகாத மணம் எதுவும் இல்லாத வகை, தண்ணீரில் கரைவது. ரோட்டுப் பெயிண்ட் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். இது காய இரண்டு மணி நேரம் கேட்டது. முக்காலியை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்து போட்டதில் முழங்கால் வாயைத் திறக்கவில்லை. 'இப்படியே ஓய்வு பெறும்வரை போனால் போதும்' என்று அன்று முதல்முறையாகத் தோன்றியது.

ஒரே ஒரு கூத்து நடந்தது. கடிகாரத்தின் பன்னிரண்டைப் போட்டு முடித்து எழுந்து பார்த்தால், அது ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஒன்றரை மீட்டர் நீண்டு கிடந்தது. ரோட்டில் எழுத்தை இழுத்து நீட்டித்தான் எழுதுவார்கள். தூரத்திலிருந்து வருகிற ஓட்டுநரின் கண்ணுக்கு அது அப்போதுதான் சரியான அளவில் தெரியும். கை இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் தன் போக்கில் நீட்டிவிட்டது. பெயிண்ட் காய்வதற்குள் துடைத்து மறுபடி போட்டார்.

"கடிகாரத்துக்கு அறுபது வேகத்துலயா வரப் போறாங்க," என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை எண் பாதை. டீச்சரின் படத்தைத் தரையில் விரித்து வைத்துப் பார்த்தார். இருபத்தொரு பட்டை, பக்கத்தில் எண். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் பென்சிலால் மெல்லிசாக ஒரு வளைவு. எட்டிலிருந்து ஒன்பதுக்கு, ஒன்பதிலிருந்து பத்துக்கு, இப்படி இருபது வளைவு. கோட்டக்கா அதைப் பார்த்தார், புரிந்துகொண்டார், விட்டுவிட்டார். சாலைப் படம் படிக்கத் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். படத்தில் தடித்த கோடு என்றால் பெயிண்ட். மெல்லிய கோடு என்றால் இங்கிருந்து அங்கு எவ்வளவு தூரம் என்று காட்டும் அளவு. அளவுக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அளவு மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்களே என்று நினைத்து, ஒரு பிள்ளையின் தாவலுக்கு ஏற்றபடி தானே அறுபது சென்டிமீட்டர் வைத்துக்கொண்டார். பாதசாரிக் கோடு போலப் பளிச்சென்று இருபத்தொரு வெள்ளைப் பட்டை. ஒரு நூலிழை பிசகவில்லை.

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாம் காய்ந்திருந்தது. கோட்டக்கா மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு முடிந்துவிட்டது என்றார்; படம் எடுக்க மூன்று மணிக்கு வருவதாக அவர் சொன்னார். டீச்சர் இரண்டாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிவந்தார். வரிசை முற்றத்தைக் கண்டதும் வரிசையாக இல்லை. நூறு கட்டத்தில் மூன்று பேர் அறுபத்து நான்குக்குச் சண்டை போட்டார்கள். கடிகாரத்தில் ஒருவன் பெரிய முள்ளாகப் படுத்து எழுந்திருக்க மறுத்தான். டீச்சர் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். கோட்டக்கா வேப்பமர நிழலில் முக்காலியில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டார்.

கடைசியாக எண் பாதை. முன்பல் விழுந்த ஒரு சிறுமியை டீச்சர் கூப்பிட்டார். "எட்டுல நில்லு. அஞ்சு கூட்டு."

சிறுமி எட்டாம் பட்டையில் நின்றாள். நின்ற இடத்திலேயே காலைத் தட்டி "ஒண்ணு" என்றாள். ஒன்பதுக்குத் தாவி "ரெண்டு". பத்தில் "மூணு". பதினொன்றில் "நாலு". பன்னிரண்டில் இரண்டு காலையும் ஊன்றி, "அஞ்சு. பன்னெண்டு டீச்சர்."

டீச்சரின் சிரிப்பு நின்றது. அடுத்த பிள்ளையை அனுப்பினார். அதுவும் நின்ற பட்டையை ஒன்று என்று எண்ணி, ஒன்று குறைவாகப் போய்ச் சேர்ந்தது. பதினான்கு பேர் தாவினார்கள். பதினோரு பேர் தப்பு. தப்பாகப் போனவர்கள்தான் அதிகச் சத்தமாக விடை சொன்னார்கள்.

டீச்சர் மெதுவாக நடந்து மரத்தடிக்கு வந்தார். "அக்கா, அந்த வளைவெல்லாம் எங்க?"

"எந்த வளைவு?"

"படத்துல இருந்துச்சே. பட்டைக்கு நடுவுல."

"அது அளவுக் கோடு இல்லையா?"

"அதான் அக்கா தாவல்." டீச்சர் குரல் எழும்பவில்லை, எழுப்ப அதில் ஒன்றும் மிச்சமில்லை. "பட்டை மட்டும் இருந்தா பட்டையை எண்ணுதுங்க. நிக்கிற இடத்தையும் சேர்த்து எண்ணுதுங்க. வளைவு இருந்தா தாவுறதை எண்ணும். நோட்டுல ரெண்டு மாசமா இதே தப்புதான். இதுக்காகத்தான் முற்றமே கேட்டேன்."

கோட்டக்கா படத்தைத் திரும்ப விரித்துப் பார்த்தார். இருபது வளைவும் அங்கேயேதான் இருந்தன.

டீச்சர் படிவத்தை எடுத்தார். "சரி விடுங்க, உங்களுக்கு நாலு மணிக்குள்ள வேணும்னு சொன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன். வளைவைச் சாக்பீஸ்ல வரைஞ்சுக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தான். என்ன பண்றது."

அவர் பேனாவைத் திறந்தார். படிவம் கோட்டக்காவின் கையிலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அதோடு முக்காலி, பெஞ்சு, நிழல், மிச்ச வருடங்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் ஆறில் நின்று காலைத் தட்டி "ஒண்ணு" என்றான்.

சாலைக்கோடு பிரிவில் ஒரு பேச்சு உண்டு: கோடே இல்லாத ரோட்டில் ஓட்டுநர் பார்த்து ஓட்டுவான், தப்பான கோட்டை நம்பித்தான் சுவரில் போய் மோதுவான். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. தப்பாகப் போட்டால் விடிவதற்குள் சுரண்டிவிட்டுப் போடு என்று திட்டுவதற்காகச் சொல்வது.

"மணி என்ன?" என்றார் கோட்டக்கா.

"பதினொன்னே முக்கால்."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். வெள்ளை தீர்ந்துவிட்டது. கடிகாரத்துக்கு வாங்கியதில் மஞ்சள் அரை டப்பா மிச்சம் இருந்தது. இருபது வளைவு, வளைவுக்கு மூன்று நிமிடம். ஒரு மணி நேரம். காய இரண்டு மணி நேரம். மூன்று மணிக்கெல்லாம் முற்றம் தயார். மேற்பார்வையாளர் மூன்றுக்கு வருவார், போட்டோ ஏற்ற நாலு மணி வரை இருக்கிறது. கணக்கில் பிழை இல்லை. முழங்காலை மட்டும் அவர் அதில் சேர்க்கவில்லை.

"பிள்ளைங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க டீச்சர். கையெழுத்து அப்புறம் போடலாம்."

"அக்கா, வேண்டாம். நான்தான் சொல்றேனே."

"எனக்குக் கண்ணை உறுத்துது. போங்க."

*

முக்காலியை இருபது தடவை நகர்த்தி உட்கார்ந்து எழுந்தால் நேரம் பத்தாது. கோட்டக்கா சாக்குத் துணியை மடித்துத் தரையில் போட்டு மண்டியிட்டார். முழங்கால் முதலில் அதிர்ச்சியில் பேசாமல் இருந்தது.

கையில் பழைய வேகம் வந்தது. ஆணியும் நூலும் வைத்து வளைவு இழுத்து, தூரிகையை ஒரே மூச்சில் ஓட்டினார். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு. ஒன்றிலிருந்து இரண்டுக்கு. சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டாம் வகுப்பு ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டது. அவர் ஒவ்வொரு வளைவையும் முடிக்கும்போது உள்ளேயிருந்து எண்ணிக்கை வந்தது. "நாலு... அஞ்சு..." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வளைவைத்தான் எண்ணினார்கள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பதினோரு வளைவு முடிந்திருந்தது. பன்னிரண்டாவதற்கு நகர நினைத்தபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தூரிகையைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்த நாற்காலி மாதிரி இருந்தார். ஜன்னலில் "பதினொண்ணு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள்.

டீச்சர் வாயில் சோற்றோடு ஓடிவந்தார். கைத்தாங்கலாக முக்காலியில் உட்கார வைத்தார். "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"வளைவு போடத் தெரியுமா ஆம்புலன்ஸுக்கு?"

"எனக்குத் தெரியும். குடுங்க."

டீச்சர் போட்ட ஒரு வளைவு புழு மாதிரி வந்தது. கோட்டக்கா அதைத் துடைக்கச் சொன்னார். "நீங்க ஆணியைப் பிடிங்க, போதும்." பிறகு முக்காலியில் உட்கார்ந்தே குனிந்து, டீச்சர் ஒவ்வொரு தடவையும் முக்காலியோடு சேர்த்து நகர்த்த, வளைவுக்குப் பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று போனது. நடுவில் டீச்சருக்கு ஒரு வகுப்பு வந்துவிட்டது. அரை மணி நேரம் கோட்டக்கா நகர்த்த ஆளில்லாமல் பதினாறின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை.

இருபதாவது வளைவு முடிந்தபோது மணி இரண்டு ஐம்பது. பதினொன்றுக்கு அப்பால் மதியத்திலிருந்தே வேப்பமர நிழல் விழுந்திருந்தது; அங்கே போட்டது காய இரட்டிப்பு நேரம் கேட்டது.

*

மேற்பார்வையாளர் மூன்றுக்கு வந்தார். பாதையைப் பார்த்து, "அழகா இருக்கே," என்றார். குனிந்து பத்தொன்பதின் பக்கம் விரலை வைத்தார். விரல் மஞ்சளாக வந்தது. சட்டையில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டார்.

"அக்கா. காலையிலயே முடிஞ்சிடுச்சுன்னு போன்ல சொன்னீங்களே."

கோட்டக்கா நடந்ததைச் சொன்னார். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கையெழுத்திட்ட படிவத்தை உடனே நீட்டினார்.

"கையெழுத்து சரி டீச்சர். போட்டோ வேணுமே. மூணு விளையாட்டுலயும் பிள்ளைங்க நிக்கணும். எடுத்த நேரம் படத்துலயே விழும், நாளைக்கு எடுத்து இன்னைக்குன்னு சொல்ல முடியாது."

"பதினொண்ணு வரைக்கும் காய்ஞ்சிடுச்சு சார். அது வரைக்கும் நிக்க வைக்கலாமே."

மேற்பார்வையாளர் யோசித்தார். படிவத்தைத் திருப்பிப் படித்தார். 'முழுப் பாதையிலும்' என்று எங்கும் இல்லை. அவர் முகம் தெளிந்தது. "கூப்பிடுங்க."

இரண்டாம் வகுப்பு வந்தது. பதினொன்றைத் தாண்டினால் தோலை உரித்துவிடுவேன் என்று டீச்சர் மிச்சமிருந்த குரலில் சொன்னார். நூறு கட்டத்தில் படம் எடுத்தாயிற்று. கடிகாரத்தில் எடுத்தாயிற்று. எண் பாதையில் பூஜ்யத்திலிருந்து பதினொன்று வரை பட்டைக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், பள்ளிக்கூடக் குழுப்படம் மாதிரி விறைப்பாக நின்றார்கள். மணி மூன்று நாற்பது.

"இது விளையாடுற மாதிரி இல்லையே, தண்டனை குடுத்த மாதிரி இருக்கு," என்றார் மேற்பார்வையாளர். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக, ஒன்பதில் நின்ற சிறுமியிடம் கேட்டார். "பாப்பா, அங்கேருந்து நாலு கூட்டினா எங்க போவே?"

காலையில் தப்பாகச் சொன்ன பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. ஒரு நொடி வளைவைப் பார்த்தாள். நின்ற இடத்தில் காலைத் தட்டவில்லை. பத்திலும் பதினொன்றிலும் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று தாவினாள். மூன்று, ஈரத்தில். நாலு, ஈரத்தில் வழுக்கி, பதிமூன்றாம் பட்டையின்மேல் உட்கார்ந்தேவிட்டாள்.

"பதிமூணு," என்றாள்.

தள்ளப்பட்டவர்களும் எங்கே போகிறோம் என்று தெரியாமல் அவளோடு போயிருந்தார்கள். பன்னிரண்டாவது வளைவும் பதிமூன்றாவதும் இருந்த இடத்தில் மஞ்சள் செருப்புத் தடங்கள். மேற்பார்வையாளரின் போன் அதை அழகாகப் படம் எடுத்திருந்தது.

"சரியான விடை," என்றார் டீச்சர், யாரிடம் என்று தெரியாமல். சிறுமியைத் தூக்கி நிறுத்தினார்.

மேற்பார்வையாளர் முக்காலியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "நான் எதுக்கு அக்கா வாயைத் திறந்தேன்."

"விடுங்க. கேட்டா சொல்லத்தானே செய்வாங்க."

"திரும்ப எடுத்தாலும் இந்தத் தடம் படத்துல விழும். ஏத்தினா 'இடம் சேதம்'னு திருப்பி அனுப்புவாங்க. ஏத்தாம விட்டா 'முடியவில்லை'ன்னு வரும். சேதம் உங்க பேர்ல நிக்கும். முடியலன்னா ஆறு மாசத்துல மறுபடி கேட்கலாம்."

"அப்ப முடியலன்னே போடுங்க."

அவர் போட்டார். நாலு மணிக்குப் பட்டியல் மூடியது. சிறுபணிப் பிரிவின் இடம், பூங்காவில் முதுகு பிடித்துக்கொண்ட தோட்டக்காரர் ஒருவருக்குப் போனது.

கோட்டக்கா அதற்குப் பிறகும் முற்றத்தை விட்டுப் போகவில்லை. செருப்புத் தடத்தைத் துடைத்து, இரண்டு வளைவையும் திரும்பப் போட்டார். டீச்சர் ஆணியைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்குக் குரல் இல்லை, இன்னொருவருக்குத் தெம்பு இல்லை. முடித்துவிட்டு இரண்டு பக்கமும் கயிறு கட்டி, 'ஈரம்' என்று அட்டை மாட்டினார். கயிற்றைத் திங்கட்கிழமை அவிழ்க்கச் சொன்னார்.

வீட்டில் கணவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். முழுக் கதையையும் கேட்டார். வழக்கமாக ஒரு நையாண்டியாவது வரும் இடம். "அந்தப் பாப்பா சரியாச் சொல்லிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லிடுச்சு."

"சரி. அந்தக் காலை நீட்டு."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மருந்துக் கடைக்குப் போய் முழங்கால் பட்டை ஒன்று வாங்கினார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வட்டச் சாலைக்குப் போகும் வேனில் கோட்டக்கா ஏறினார்.